கேம்பாய் மாடிங்: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. கையில் பிடித்து ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டிகளான கேம்பாய்களைப் பிரித்து மேய்வது என் ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான். ஒன்றைச் சரிசெய்ததைப் பார்த்த சித்தப்பா பரணிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்தார். அவருடைய நண்பர் ஒருவர், நண்பரின் மருமகன் ஒருவர் என்று ஆள் சேர்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"எங்க வீட்ல சாம்பல் கலர்ல டெட்ரிஸ் ஆடுற டப்பா ஒண்ணு இருக்கு. அதுவும் கேம்பாய்தானே?"

பெரும்பாலும் இல்லை. திருவிழாக் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் விற்ற "9999 இன் 1" டப்பா அது; பிரிக் கேம் என்பார்கள். அதில் கட்டங்கள் திரையிலேயே நிரந்தரமாக அச்சாகியிருக்கும். பின்னால் கார்ட்ரிட்ஜ், அதாவது கேம் அடங்கிய வில்லை, செருகும் இடம் இருக்காது. கேம்பாய் என்றால் ஜப்பானியக் கம்பெனி நிண்டெண்டோ செய்தது. 1989 ஏப்ரலில் ஜப்பானில் வந்த முதல் மாடலின் எண் டிஎம்ஜி-01. அது நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். 1996இல் பாக்கெட், 1998இல் கலர், 2001இல் அட்வான்ஸ், 2003இல் மடக்குகிற எஸ்பி. முதுகில் மாடல் எண் எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். நம்மூரில் அன்றைக்கு வீடியோ கேம் என்றாலே டிவியில் மாட்டுகிற நகல் பெட்டிதான். கேம்பாய் வைத்திருந்தவர்களில் பலருக்கு அது துபாய் மாமாவோ சிங்கப்பூர் அத்தையோ கொண்டுவந்தது.

"மாட் பண்றதுன்னா என்ன? ரிப்பேருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

கெட்டதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ரிப்பேர். கம்பெனி வைக்காத ஒன்றை வைப்பது மாட்: வெளிச்சத் திரை, சார்ஜ் ஏறும் பேட்டரி, நல்ல ஒலி வெளியீடு. ரிப்பேர் முடியாமல் மாடில் இறங்காதீர்கள் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். என்னிடம் "புதுத் திரை போட்டும் ஓடலை" என்று வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல், திரை மாற்றும் முன்பே இருந்த அழுக்குதான் காரணம்.

"ஸ்க்ரூவே கழல மாட்டேங்குது. ஸ்டார் போட்டா சுத்துது."

ஸ்டாரை எடுத்துக் கீழே வையுங்கள். முதுகில் இருப்பது மூன்று இறக்கை உள்ள ட்ரை-விங் ஸ்க்ரூ. ஸ்டாரை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும். அதன்பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்கவேண்டும். மொபைல் ரிப்பேர் கிட்களில் சின்ன ட்ரை-விங் பிட் இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கேட்டுப்பார்க்கலாம்.

டிஎம்ஜி, கலர் கார்ட்ரிட்ஜ்களில் இருப்பது வேறு ரகம்: 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூ. அந்தப் பிட் கைவசம் இல்லாதபோது நான் செய்தது, ஒரு பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் முனையை லைட்டரில் இளக்கி, ஸ்க்ரூவின் மேல் அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தது. அச்சு விழுந்ததும் மெல்லத் திருகினேன், கழன்றது. மூன்று கார்ட்ரிட்ஜ் வரை அந்தப் பேனா தாங்கியது.

டிஎம்ஜியை டிபன் பாக்ஸ் மூடி மாதிரி வெடுக்கென்று திறக்காதீர்கள். முன்பாதியையும் பின்பாதியையும் ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கிறது. இரண்டு விரல் அகலம் திறந்ததும் கேபிளைச் சாக்கெட்டிலிருந்து நேராக இழுத்துக் கழற்றுங்கள்.

"புது பேட்டரி போட்டும் ஆன் ஆகலை. செத்துப்போச்சா?"

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு டிஎம்ஜி, முன்பக்கம் உருகிப்போயும் ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் நிண்டெண்டோவின் கடையில் அதைப் பல வருடம் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் உங்கள் பரண் ஒன்றுமே இல்லை.

முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல் கசிவு காரம், அதற்கு வினிகர் தொட்ட பஞ்சு. மலிவான சாதா செல்லின் கசிவு அமிலப் பக்கம், அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். எதைப் போட்டாலும் கடைசியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். குத்துவிளக்கு துலக்குகிற நினைப்பில் ஒருவர் புளியைப் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். முனை பளபளவென்று இருந்தது, போர்டெல்லாம் புளி.

முனை சுத்தமாக இருந்தும் ஓடவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஆன்-ஆஃப் ஸ்விட்ச். உள்ளே இருக்கும் தகடு கறுத்துவிடும், மின்சாரம் அங்கேயே வடிந்துவிடும். ஒரு கேம்பாய் கலரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஸ்விட்சுக்குள் 2.9 வோல்ட் போகிறது, வெளியே 2.2தான் வருகிறது. ஸ்விட்சில் ஆல்கஹால் விட்டு ஐம்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினேன். 2.8 ஆனது, பெட்டியும் எழுந்தது. இதற்கும் மசியாவிட்டால் கலர், அட்வான்ஸ் இரண்டிலும் போர்டில் எஃப்1 என்று குறித்த குட்டி ஃப்யூஸைச் சோதியுங்கள்.

"ஆன் ஆகுது, ஆனா நிண்டெண்டோன்னு வரவேண்டிய இடத்துல கறுப்புப் பட்டை வருது. ஊதி ஊதிப் பாத்துட்டோம்."

ஊதுவதை நிறுத்துங்கள். வாயிலிருந்து போவது எச்சில் ஈரம், அதுதான் பல வருடத்தில் துருவாகிறது. அந்தப் பெயர் கார்ட்ரிட்ஜுக்குள்ளிருந்து படிக்கப்படுகிறது. கேம்பாய் தன்னிடமுள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கறுப்புப் பட்டை என்றால் எதையும் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். காது குடையும் பஞ்சில் ஆல்கஹால் தொட்டு, கார்ட்ரிட்ஜின் தங்க நிறப் பற்களைத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாகாமல் வரும்வரை துடைக்கவேண்டும்.

"திரையில நெட்டுக்குத்தா கோடு கோடா காணாமப் போயிடுச்சு. திரை போச்சா?"

டிஎம்ஜியின் பரம்பரை வியாதி இது. பெரும்பாலும் திரை போயிருக்காது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு மெல்லிய ரிப்பன் வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பசை முப்பது வருடத்தில் விட்டுப்போகிறது. எந்தக் கம்பி விடுகிறதோ அந்த நெடுக்கு வரிசை மறையும்.

முன்பாதி போர்டைக் கழற்றி, திரைக்குக் கீழே இருக்கும் ரப்பர் பட்டையை உரித்தால் அந்த ரிப்பன் தெரியும். கேபிளை மறுபடி மாட்டி, ஏதாவது ஒரு கேமை ஓடவிடுங்கள். சால்டரிங் அயனைக் குறைந்த சூட்டில் வைத்து, ரிப்பன் கண்ணாடியைத் தொடும் ஓரமாக இஸ்திரி போடுவதுபோல் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. கையை நகர்த்த நகர்த்த, செத்துக் கிடந்த கோடுகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வரும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. சூடு அதிகமானால் ரிப்பன் பழுப்பாகும், அங்கே கதை முடிந்தது.

கிடைமட்டமாகக் கோடு போயிருந்தால் அது பக்கவாட்டு ரிப்பன். இடம் குறுகல், ஆபத்து அதிகம். நான் ஐந்தில் இரண்டைக் கெடுத்திருக்கிறேன்.

"இருட்டுல ஒண்ணுமே தெரியலையே. லைட்டே வைக்காம எப்படி வித்தாங்க?"

தெரிந்தேதான் விட்டார்கள். கேம்பாயின் உருவாக்கத்துக்குப் பின்னால் இருந்த நிண்டெண்டோ பொறியாளர் குன்பெய் யோகோய், நன்கு பழகி மலிவாகிப்போன பாகங்களைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதை நம்பியவர். 160-க்கு 144 புள்ளி, நான்கே சாயல், வெளிச்சம் கிடையாது. பதிலுக்கு நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 1990இல் வந்த சேகாவின் கேம் கியரில் கலரும் இருந்தது, பின்வெளிச்சமும் இருந்தது. அது ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. எது அதிகம் விற்றது என்று சொல்லத் தேவையில்லை. 1998இல் கேம்பாய் லைட் என்று பின்வெளிச்சத்தோடு ஒன்றைச் செய்தார்கள், ஆனால் ஜப்பானில் மட்டும்தான் விற்றார்கள்.

"பேக்லைட் போடலாமா, இல்ல ஐபிஎஸ் திரையே மாத்திடலாமா?"

இரண்டும் வேறுவேறு வேலை. பேக்லைட் என்றால் பழைய கண்ணாடி அப்படியே இருக்கும். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளி நிற எதிரொளிப்புத் தாளை உரித்துவிட்டு, அந்த இடத்தில் வெளிச்சப் பலகையைச் செருகுகிறோம். உரிக்கும்போதுதான் உயிர் போகும்: பசை பிசுபிசுக்கும், கண்ணாடி மெல்லியது. வெளிச்சம் மட்டும் வைத்தால் கறுப்பு வெளிறித் தெரியும். அதற்குப் பைவர்ட் என்றொரு உத்தி உண்டு. ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் துருவத் தாளை (போலரைசர்) 90 டிகிரி திருப்பி வைத்தால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிடும். பிறகு ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஐசி, திரைக்குப் போகும் இரண்டு டேட்டா கம்பிகளிலும் சிக்னலைத் தலைகீழாக்கும். இரண்டு தலைகீழும் சேர்ந்து படம் நேராகிவிடும், கறுப்பு மட்டும் நல்ல அடர்த்தியாக நிற்கும்.

ஐபிஎஸ் என்றால் பழைய திரை மொத்தமாக வெளியே. நவீன வண்ணத் திரையும் அதை ஓட்டும் குட்டி போர்டும் கிட்டாக வரும். வாங்கும்போது திரைப்புள்ளிக் கணக்கைப் பாருங்கள். கேமின் ஒரு புள்ளி, திரையில் முழு எண் மடங்காக விரியவேண்டும். 160-க்கு 144 நான்கு மடங்கானால் 640-க்கு 576. அட்வான்ஸின் 240-க்கு 160 மூன்று மடங்கானால் 720-க்கு 480. கணக்கு இடித்தால் சில புள்ளி தடித்தும் சில மெலிந்தும் போய், படம் நகரும்போது அலையடிக்கும்.

முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது: கேம்பாய் கலர், முன்கண்ணாடியோடு ஒட்டியே வரும் ஐபிஎஸ் கிட், அதற்கென்றே வெட்டி வரும் புது உறை. ஈயம் வைக்கும் வேலை இல்லை அல்லது ஓரிரு கம்பிதான். பழைய உறையை அறுத்துப் பொருத்தவே வேண்டாம். அட்வான்ஸ் என்றால், போர்டில் திரைச் சாக்கெட் 40 முள்ளா 32 முள்ளா என்று எண்ணுங்கள். இரண்டு ரகம் உண்டு, ரிப்பன் மாறும்.

"ஐபிஎஸ் போட்ட அன்னிலேர்ந்து விளையாடும்போதே ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகுது."

ஸ்விட்ச் பற்றி மேலே சொன்னதை மறுபடி படியுங்கள். பழைய திரை மிகக் குறைந்த மின்சாரம் குடிக்கும். அழுக்கு ஸ்விட்சோடும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. புதுத் திரையின் வெளிச்சத்துக்குப் பசி அதிகம். வெளிச்சத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அப்போது நின்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்விட்சும் பேட்டரி முனையும்தான். விளையாடும் நேரமும் குறையும், பாதியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே வாங்குங்கள்.

"சார்ஜ் பேட்டரி போடலாமா? ஏஏ சைஸ்ல லித்தியம் செல் கிடைக்குதே?"

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகத்தைத் தாராளமாகப் போடலாம். ஒன்று 1.2 வோல்ட், நான்கு சேர்ந்து 4.8. டிஎம்ஜி அதில் நன்றாகவே ஓடுகிறது.

நீங்கள் சொல்லும் லித்தியம் 14500 ஆக இருந்தால் தொடவே தொடாதீர்கள். பார்க்க ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் ஒன்றே 3.7 வோல்ட். நான்கு போட்டால் 6 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 14.8 போகும். ஒரு பையன் டார்ச்சிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுக் கொண்டுவந்தான். திறக்கும் முன்பே வாசனை வந்தது. அதேபோல, டிஎம்ஜியின் அடாப்டர் துளையில் நடு முள் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடு முள் பாசிட்டிவ். பொருந்துகிறதே என்று சொருகாமல், முதுகில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள்.

"யூஎஸ்பி-சி கிட் போட்டேன். என் மொபைல் சார்ஜர்ல ஏறவே மாட்டேங்குது, பழைய சார்ஜர்ல மட்டும் ஏறுது."

கிட் செய்தவர் ஐந்து பைசா மிச்சம் பிடித்திருக்கிறார். இரு முனையிலும் சி உள்ள கேபிளில், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிந்தால்தான் மின்சாரம் விடும். அதைச் சொல்வது சாக்கெட்டில் சார்ஜரோடு பேசுவதற்கென்றே இருக்கும் சிசி முனைகள் இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்குப் போகும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். அவை இல்லை. கை நிதானம் இருந்தால் நீங்களே வைக்கலாம். இல்லையா, ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பி உள்ள கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

"கேம் ஓடுது, ஆனா சேவ் நிக்கலை."

கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. சேவ் இருக்கும் ராம் என்ற நினைவக சிப், அந்த 3 வோல்ட்டில்தான் உயிரோடிருக்கிறது. மேலே பெயர் பொறித்திருக்கும்: சிஆர் 1616, சிஆர் 2025 என்று. எது இருந்ததோ அதையே வாங்குங்கள், ஆனால் கால் தகடு ஒட்டியே வருவதாக. வெறும் நாணய செல்லின் மேல் நேராக ஈயம் வைத்தால் செல் வெடிக்கலாம். போகேமான் கோல்டு, சில்வர் இரண்டிலும் கடிகாரமும் இதே பேட்டரியில் ஓடுவதால் அவை சீக்கிரம் தீரும். அட்வான்ஸுக்கு வந்த போகேமான் ரூபி, சபையரில் கதை வேறு: பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், சேவ் ஃப்ளாஷ் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும்.

"பேட்டரி மாத்துனா என் தம்பியோட பழைய சேவ் போயிடுமா? அவனுக்காகத்தான் கேக்கறேன்."

கழற்றிய நொடியில் போய்விடும். அதனால் முதலில் பிரதி எடுங்கள். கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வழியே இணையும் கார்ட்ரிட்ஜ் ரீடர்கள் கிடைக்கின்றன. சேவை எடுத்து, பேட்டரி மாற்றி, திரும்ப ஏற்றிவிடலாம். கேமை ஓடவிட்டபடியே மாற்றுவது, இன்னொரு பேட்டரியை இணையாகப் பிடித்துக்கொண்டு மாற்றுவது என்றெல்லாம் வழி சொல்வார்கள். கை நழுவி ஒரு ஷார்ட் ஆனால் முடிந்தது. இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் கார்ட்ரிட்ஜை நான் ரீடர் இல்லாமல் தொடவே இல்லை. இரண்டு வாரம் காத்திருந்தார்.

பேட்டரியே வேண்டாம் என்றால் பழைய ராமை எடுத்துவிட்டு எஃப்ராம் என்ற வேறு ரக நினைவக சிப் வைக்கலாம். மின்சாரம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும். ஆனால் 28 கால்களைக் கழற்றி வைக்கிற வேலை, முதல் முயற்சிக்கு வேண்டாம். கடிகாரமுள்ள கேமில் கடிகாரத்துக்கு எப்படியும் பேட்டரி வேண்டும்.

"புதுத் திரையில சில கேம்ல உருவம் மினுக்கிக்கிட்டே இருக்கு. பழைய திரையில இப்படி இல்லையே?"

திரையில் பழுதில்லை. பழைய எல்சிடி மந்தமானது, போன படத்தின் நிழல் கொஞ்ச நேரம் ஒட்டியிருக்கும். கேம் எழுதியவர்களில் சிலர் அதையே வித்தையாக்கிக்கொண்டார்கள். நிழலையோ புகையையோ ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் வரைந்தால், அந்த மந்தத்தில் பாதி ஊடுருவித் தெரிவதுபோல் தோன்றும். ஐபிஎஸ் சுறுசுறுப்பானது, அதனால் வரைவதும் அழிவதும் அப்படியே தெரிகிறது. சில கிட்களில் ஃப்ரேம்களைக் கலந்து காட்டும் வசதி உண்டு, மெனுவில் தேடிப்பாருங்கள். எனக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே பைவர்ட் செய்த பழைய கண்ணாடி பிடிக்கும்.

"ஸ்பீக்கர்ல கொர்ருன்னு இரைச்சல். பாட்டு போடறவங்க ஏதோ மாட் பண்றாங்களாமே?"

இரைச்சல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்போது மாறினால் திரை கிட்டின் மின்சாரம்தான் ஒலிக்குள் கசிகிறது. கிரவுண்ட் கம்பியைத் தடித்ததாக்கிக் குட்டையாக்குங்கள். மாறவே இல்லை என்றால் வால்யூம் சக்கரத்தின் அழுக்கோ, பவர் போர்டின் வயதான கெப்பாசிட்டர்களோ.

பாட்டுக்காரர்கள் செய்வது ப்ரோ சவுண்ட். ஒலி, உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் முன்பே வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து இடம், வலம், கிரவுண்ட் என்று மூன்று கம்பியைத் தனி ஜாக்குக்கு இழுத்துவிடுவார்கள். இரைச்சல் குறைந்து பேஸ் (அடித்தொனி) கனமாக வரும். எல்எஸ்டிஜே, நானோலூப் போன்ற கார்ட்ரிட்ஜ்களில் கேம்பாயையே இசைக்கருவியாக வாசிப்பவர்கள் இதற்காகப் பழைய டிஎம்ஜியைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

"உறை மஞ்சளாயிடுச்சு. மொட்டை மாடி வெயில்ல வெச்சா வெளுக்குமாமே?"

வெறும் வெயில் போதாது. சலூன் பொருள் விற்கும் கடையில் 40 வால்யூம் கிரீம் டெவலப்பர் என்று கேளுங்கள், 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டு, உறையில் மட்டும் தடவி, காயாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றி வையுங்கள். நம் சித்திரை வெயில் இதற்குக் கொஞ்சம் அதிகம்: கிரீம் ஆங்காங்கே காய்ந்து திட்டுத்திட்டாக வெளுக்கும், உறை வளையவும் செய்யும். காலை எட்டு மணி வெயில் போதும். சில வருடத்தில் மஞ்சள் திரும்ப வரலாம்.

"இவ்ளோ பாடு எதுக்கு? போன்லயே எமுலேட்டர் இருக்கே. இல்லன்னா புதுசாவே ஏதாவது வாங்கிடலாமே?"

வாங்கலாம். 2021இல் வந்த அனலாக் பாக்கெட் பழைய கார்ட்ரிட்ஜ்களையே போட்டு ஓட்டும். திரை 1600-க்கு 1440, அதாவது ஒவ்வொரு பக்கமும் சரியாகப் பத்து மடங்கு. கேம் மட்டும் வேண்டும் என்பவருக்கு நான் மாடிங்கைச் சிபாரிசு செய்வதே இல்லை. கிட், உறை, கருவி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி என்று கூட்டினால் கணக்கு இடிக்கும். பரணில் கிடைத்த, மாமா கொடுத்த அந்தக் குறிப்பிட்ட பெட்டியே ஓடவேண்டும் என்பவருக்குத்தான் இதெல்லாம்.

"திரை புதுசு, உறை புதுசு, பட்டன் புதுசு. அப்புறம் அது அதே கேம்பாய்தானா? விக்கும்போது என்ன சொல்றது?"

போர்டு பழையது, மற்றதெல்லாம் புதியது என்று உள்ளதைச் சொல்லுங்கள். புது உறை போட்டதை ஒரிஜினல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் மாட் செய்ததற்குக் குறைவாகத் தருவார்கள், விளையாடுபவர்கள் கூடுதலாகவே தருவார்கள்.

கழற்றியதை எறியாதீர்கள். கோடு விழுந்த திரையாக இருந்தாலும் சரி. நான் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஜிப் கவர் வைத்திருக்கிறேன்: பழைய கண்ணாடி, உறை, ஸ்க்ரூ எல்லாம் அதில். மேலே பேப்பர் டேப் ஒட்டி, யாருடையது, எந்தத் தேதியில் பிரித்தது என்று பேனாவால் எழுதிவிடுவேன். போன மாதம் ஒருவர் வந்து, பச்சைத் திரையே நன்றாக இருந்தது, திரும்பப் போட்டுக்கொடுங்கள் என்றார். கவரைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது, மாட்டித் தர அரை மணி.